மருந்து படிந்த இலைகள்

அந்த வருடங்களில் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் போதும், தூங்கிவிடுவேன். நின்றுகொண்டு வந்தாலும் கம்பியைப் பிடித்தபடி கண் சொருகும். நாகர்கோவிலில் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் டிராயிங் டீச்சராக இருந்தேன். வீடு தோவாளைப் பக்கம், வயல்களுக்கு நடுவே ஒரு சின்ன ஊர். காலையில் தண்ணீர் கோரி, கஞ்சி வைத்து, மதியத்துக்கும் சேர்த்து ஆக்கி மூடிவிட்டு, வீட்டுக்காரருக்கு வெந்நீர் போட்டுக் கொடுத்துவிட்டுக் கிளம்புவேன். அவர் நெல் ஆலையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவர். உமித்தூசி ஒத்துக்கொள்ளாமல் இளைப்பு நோய் வந்து, வேலையை விட்டு வீட்டோடு இருந்தார். குளிர்ந்த காற்றடித்தால் மூச்சு விசில் மாதிரிக் கேட்கும். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவருடைய நெஞ்சும் என்னுடைய சம்பளமும்தான் வீடு.

பள்ளிக்கூடத்தில் நான் வரைந்தது பெரும்பாலும் கத்தரிக்காய். கரும்பலகையில் ஒரு கத்தரிக்காய், அதன் காம்பு, பளபளப்பைக் காட்ட ஒரு வெள்ளைக் கோடு. அடுத்த வகுப்புக்குக் குடம். அதற்கடுத்த வகுப்புக்குச் செம்பருத்தி. பிறகு மறுபடியும் கத்தரிக்காய். படித்த காலத்தில் பெரிய ஓவியக்காரியாக வருவேன் என்று என்னைப் பற்றி நானே நினைத்துக்கொண்டிருந்தது உண்மை. அந்த நினைப்பு எப்போது போனது என்று தெரியவில்லை. ஒருநாளில் போகவில்லை. கால் செருப்பு தேய்வதுபோல அது பாட்டுக்குத் தேய்ந்து போய்விட்டது.

ஒரு ஆடி மாதத்துச் சாயங்காலம் பஸ்ஸில் வழக்கம்போலத் தூங்கிவிட்டேன். கண்டக்டர் தோளுக்குப் பக்கத்தில் வந்து கம்பியைத் தட்டினார்.

"டீச்சரே, எறங்கலியா? ஒங்க ஊரு எப்பமோ தாண்டியாச்சே!"

விழித்துப் பார்த்தால் ஆரல்வாய்மொழிக்குப் போகும் வழி. செம்மண்ணும் உடைமரமும் பனையுமாக இருந்தது. இறங்கித் திரும்பி நடந்தேன். கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று எதிரே நின்று தள்ளியது. சேலையைப் பிடிப்பதா, பையைப் பிடிப்பதா என்று தெரியவில்லை. அழுகை வரும்போல இருந்தது. அழுதால் கண்ணில் மண் விழும் என்று அடக்கிக்கொண்டு நடந்தேன்.

சாலையிலிருந்து மலைப்பக்கம் விலகி முள்வேலி போட்ட ஒரு நிலம். கல்தூண்கள் நட்டு, குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி இழுத்து, அதன்மேல் ஏதோ கொடி படர்ந்திருந்தது. பாகலோ புடலோ என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் இலையின் நிறம் என்னை நிறுத்தியது. பச்சை இலைமேல் வெளிறிய நீலம் திட்டுத் திட்டாகப் படிந்திருந்தது. காற்றடிக்கும்போது இலைகளின் அடிப்பக்கம் திரும்பி வெள்ளையாகத் தெரியும். மறுபடி நீலம். மறுபடி வெள்ளை. பந்தல் முழுக்க இப்படி மாறி மாறிப் புரண்டுகொண்டிருந்தது. நான் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது.

"என்ன வேணும்?"

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண். என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். நெற்றியில் நீளமாக வெள்ளை நாமம், தலையில் இறுக்கிக் கட்டிய துணி, கையில் வாளி. வாளியிலும் அதே நீலம்.

"ஒண்ணும் வேண்டாம். சும்மா பாத்துக்கிட்டு நிக்கேன்," என்றேன்.

"பாக்கதுக்கு என்ன இருக்கு? மருந்தடிச்சிருக்கு. கை வச்சுராதிய."

"இது என்ன கொடி, அக்கா?"

"கொடிமுந்திரி."

திராட்சையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்லுவோம். ஆனால் கடையில் தட்டில் வைத்து விற்கும் பழமாகத்தான் எனக்கு அதைத் தெரியும். கொடியைப் பார்த்ததில்லை.

"நம்ம ஊருல இது வருமா?" என்று கேட்டுவிட்டேன்.

"ஏன்? நம்ம ஊரு மண்ணு என்ன பாவம் செய்துது?" என்று கேட்டுவிட்டு வாளியோடு உள்ளே போய்விட்டாள். பேச்சு முடிந்தது என்று எனக்குப் புரிந்தது.

அடுத்த விடுமுறை நாளில் காகிதமும் வண்ணப் பெட்டியும் எடுத்துக்கொண்டு போனேன். எதற்குப் போகிறேன் என்று வீட்டுக்காரர் கேட்கவில்லை. "காத்துல பேப்பர் பறக்கும், ஒரு பலகை கொண்டுபோ," என்று மட்டும் சொன்னார். கோதுமைப் பசை காய்ச்சி, காகிதத்தை நனைத்துப் பலகைமேல் அவரே ஒட்டியும் கொடுத்தார். அந்த வேலையில் அவருக்குக் கை படிந்துபோனது. பிறகு எல்லாக் காகிதங்களையும் அவர்தான் ஒட்டினார்.

தோட்டக்காரி என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தாள். பலகையைப் பார்த்ததும் இன்னும் கூடியது.

"சர்க்காருக்கு வரஞ்சு குடுக்கதுக்கா? வரி போடவா வந்திருக்கிய?"

"அய்யோ, இல்லக்கா. நான் பள்ளிக்கூடத்துல படம் சொல்லிக்குடுக்கிறவ. இந்தக் கொடிய வரையணும்னு தோணிச்சு. அவ்வளவுதான்."

"வரஞ்சு?"

"வரஞ்சு ஒண்ணுமில்ல."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். ஒன்றும் இல்லாத காரியத்துக்காக வெயிலில் இத்தனை தூரம் நடந்து வருகிறவள் என்ன மாதிரிப் பெண் என்று நினைத்திருப்பாள். "செரி, ஓரமா இருந்துக்கிடுங்க. வேலைக்கு எடஞ்சலு பண்ணப்பிடாது," என்றாள்.

முதலில் வரைந்ததெல்லாம் கெட்டுப்போனது. இத்தனை வருடம் அசையாத கத்தரிக்காயை வரைந்த கைக்கு ஒரு இடத்தில் நிற்காத கொடி பிடிபடவில்லை. சுருண்டு கம்பியைப் பிடிக்கும் அந்த மெல்லிய நூலை வரைந்தால் கம்பிச்சுருள் மாதிரி வந்தது. இலை, பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டிய காகித இலை மாதிரி வந்தது. காற்று வந்து தண்ணீர்க் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டுப் போகும். மதியத்தில் கண்ணைச் சுருட்டிக்கொண்டு வரும். எதற்கு இந்தப் பாடு, வீட்டில் படுத்தாவது கிடந்திருக்கலாம் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். ஆனால் அடுத்த விடுமுறைக்கும் போவேன்.

படம் வரைந்தால் களைப்பு தீர்ந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்குத் தீரவில்லை. பள்ளிக்கூடக் களைப்போடு இந்தக் களைப்பும் சேர்ந்துகொண்டது. ஒரே வித்தியாசம், இந்தக் களைப்பை நானாகத் தேடிப் போனேன்.

கொஞ்ச நாள் கழித்து, சும்மா உட்கார்ந்திருக்கிறவளை வேலை வாங்கினால் என்ன என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். "இந்தக் கொப்பப் பிடிச்சுக்கிடுங்க" என்பாள். நான் பிடித்துக்கொள்வேன். அவள் பனைநாரால் கம்பியோடு சேர்த்துக் கட்டுவாள். அப்படிக் கட்டும்போதுதான் தன் கதையைத் துண்டு துண்டாகச் சொன்னாள். புருஷன் கருப்பட்டி வியாபாரத்துக்குக் கம்பம் பக்கம் போனவன். அங்கே ஒரு தோட்டத்தில் வேலைக்கு நின்று, கொடிமுந்திரிமேல் ஆசை வைத்து, வெட்டிய குச்சிகளை ஈரச்சாக்கில் சுற்றிக்கொண்டு ஊர் வந்தான். கல் நட்டுக் கம்பி இழுத்தான். முதல் காய்ப்பைப் பார்ப்பதற்கு முன்னால் காய்ச்சலில் போய்விட்டான். இவளுக்கு அதுவரை கொடியைப் பற்றி ஒன்றும் தெரியாது. "அவுரு போட்டுட்டுப் போனத எப்பிடி விட்டுட்டுப் போக? பிடிச்சுக்கிட்டு நிக்கேன்," என்றாள். குரலில் துக்கமோ பெருமையோ இல்லை. சலிப்புத்தான் இருந்தது. அந்தச் சலிப்பு எனக்குத் தெரிந்த சலிப்பு. அதற்குப் பிறகு அவளிடம் எனக்கு மனசு ஒட்டிக்கொண்டது.

மதியத்தில் அவள் மரச்சீனிக் கிழங்கு அவித்து வைத்திருப்பாள். இரண்டு பேரும் பந்தலடியில் உட்கார்ந்து சாப்பிடுவோம். ஞாயிற்றுக்கிழமையானால் உச்சிப்பொழுதுக்கு அவள் அய்யாவழிக்காரர்களின் கோயிலான தாங்கலுக்குக் கும்பிடப் போய்விடுவாள். நான் தோட்டத்துக்குக் காவல்.

குலை பழுக்கும் பருவத்தில்தான் எனக்கு ஒரு படம் சரியாக வந்தது. பழம் ஒரே நாளில் கறுப்பதில்லை என்பதை அப்போதுதான் பார்த்தேன். ஒரே குலையில் பச்சை, செங்கல் நிறம், ஊதா, கறுப்பு எல்லாம் கலந்து நிற்கும். இலைகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த அந்த மருந்தின் நீலம் காய்ந்து ஒட்டியிருந்தது. என் பெட்டியில் அப்படி ஒரு நீலம் இல்லை. கடல் வரைய வைத்திருந்த நீலத்தில் வெள்ளையைக் கலந்து, கொஞ்சம் பச்சையைத் தொட்டு, பலமுறை அழித்து, கடைசியில் ஒருவழியாக அந்த நிறம் கிடைத்தது. கிழக்கு மூலையில் இருந்த கொடியை வரைந்தேன். ஒடிந்து தொங்கிய ஒரு கொப்பும், வெயில் பட்ட கம்பியும், குலைக்குப் பின்னால் தாடகை மலையின் ஒரு துண்டும் வந்தன. வீட்டுக்காரர் படத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஏட்டி, இது நீ வரஞ்சதுதானா?" என்றார்.

அதைப் புகழ்ச்சியாக எடுத்துக்கொண்டேன்.

திருவனந்தபுரத்தில் ஆசிரியர்கள் வரைந்த படங்களுக்கு ஒரு கண்காட்சி நடக்கப் போவதாகத் தலைமையாசிரியை சொன்னார். எங்கள் ஊர்கள் மலையாள நாட்டோடு இருந்த காலம் அது; எல்லாவற்றுக்கும் திருவனந்தபுரத்தைத்தான் பார்க்க வேண்டும். அவரே என் படத்தைக் கொடுத்து அனுப்பவும் ஏற்பாடு செய்தார். கொஞ்ச நாள் நான் பஸ்ஸில் தூங்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்தப் படத்தை எந்தச் சுவரில் மாட்டுவார்கள் என்று யோசித்துக்கொண்டு வருவேன்.

வேறொரு வேலையாகத் திருவனந்தபுரம் போய்வந்த தலைமையாசிரியை என்னைத் தம் அறைக்குக் கூப்பிட்டார். என் முகத்தைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"படத்தை எடுக்கலை. வெளிநாட்டுக் காலண்டரைப் பார்த்து வரைஞ்சதுன்னு சொல்லுறாங்க. நம்ம நாட்டுல கொடிமுந்திரித் தோட்டம் எங்க இருக்குன்னு கேக்காங்க. இலைக்கு நீலம் அடிச்சதையும் சொன்னாங்க. இயற்கைக்கு மாறா இருக்காம். நேரில வந்து எடுத்துக்கிடச் சொன்னாங்க."

நான் "சரிங்க" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனேன். அன்றைக்குக் குடம். குடத்தின் வாயைக் கோணலாகப் போட்டுவிட்டேன். பிள்ளைகள் எல்லாரும் அப்படியே கோணலாக வரைந்தார்கள். திருத்தவும் தோன்றவில்லை.

தோட்டத்துக்குப் போனபோது தோட்டக்கார அக்காவிடம் சொன்னேன். சொல்ல வேண்டும் என்று போகவில்லை. எப்படியோ வாயில் வந்துவிட்டது. அவள் கொடிக்குக் கீழே குந்தி உட்கார்ந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"இங்கன முந்திரி கெடையாதுன்னா சொன்னானுவ?"

"ஆமா."

"அப்பம் நான் இத்தன வருசமா என்னத்தக் கட்டிக்கிட்டு அழுதுட்டு இருக்கேன்?"

அவள் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டாள்.

"என்னைக்குப் போணும்?"

"எங்கக்கா?"

"திருவனந்தபுரத்துக்கு. நானும் வாறேன்."

கடைசிக் குலைகளை விற்காமல் நிறுத்தி வைத்தாள். நாங்கள் போன அன்று விடியற்காலத்திலேயே அறுத்து, பனையோலைக் கடவப்பெட்டியில் இலை பரப்பி அடுக்கி, மேலே ஈரத்துணி போட்டு மூடிக்கொண்டு வந்தாள். அப்போதைய திருவனந்தபுரம் பஸ்ஸைப் பற்றி என்ன சொல்ல! தக்கலையில் ஒரு கூட்டம், மார்த்தாண்டத்தில் ஒரு கூட்டம், மீன்கூடை, வாழைத்தார், ஆள்மேல் ஆள். கடவத்தை அவள் மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டிருந்தாள். வெக்கையில் பழம் வியர்த்து, சாறு கசிந்து, அவளுடைய வெள்ளைச் சேலையில் ஊதாக் கறை பரவியது. பக்கத்தில் நின்றவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். காசு தருகிறேன் ஒரு குலை கொடு என்று ஒருவர் கேட்டார். "விக்கதுக்கு இல்ல," என்றாள். இன்னொருவர் கேட்டார். அவருக்கும் அதே பதில். களியக்காவிளையில் ஏறிய ஒரு கர்ப்பிணிப் பெண் ஒன்றும் கேட்கவில்லை. கடவத்தையே பார்த்துக்கொண்டு எச்சில் விழுங்கினாள். அக்கா துணியை விலக்கி, இருந்ததில் நல்ல குலையாக எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கண்காட்சி முடிந்து, படங்களையெல்லாம் ஒரு அலுவலகத்தின் பின்னறையில் குவித்து வைத்திருந்தார்கள். அங்கே இருந்த குமாஸ்தா என் படத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தார். ஓரம் மடங்கியிருந்தது. வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். எனக்குக் கால் வலி. காலையிலிருந்து ஒரு வாய்க் காப்பிதான். ஆனால் அக்கா கடவத்தைத் தூக்கி அவர் மேஜைமேல் வைத்துவிட்டாள்.

"இது எங்க தோட்டத்துல காய்ச்சதாக்கும். தோவாளை பக்கத்துல. யாரு இல்லன்னு சொன்னது? அவரக் கூப்பிடுங்க."

குமாஸ்தா பயந்துபோய் உள்ளேயிருந்து ஒரு அதிகாரியைக் கூட்டிவந்தார். மலையாளி. கண்ணாடி போட்ட, சாதுவான மனிதர். மலையாளம் கலந்தாலும் தமிழ் நன்றாகவே பேசினார். சண்டைக்கு வந்திருக்கிறோம் என்பது அவருக்குத் தெரியவே இல்லை. துணியை விலக்கிப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"இது நம்ம நாட்டிலே உள்ளதோ? சத்தியமாயிட்டோ?" என்று கேட்டு ஒரு பழத்தை வாயில் போட்டார். "கொள்ளாம்! நல்ல முந்திரி!" இன்னொன்றைப் போட்டார். "எந்த மண்ணு? வெள்ளம், தண்ணி, எவ்வளவு வேணும்? எங்க வீட்டு முற்றத்திலே வச்சா பிடிக்குமோ?"

அக்காவுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. கேட்டதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியதாகிவிட்டது. மண்ணைச் சொன்னாள், உரத்தைச் சொன்னாள், எப்போது வெட்டிவிட வேண்டும் என்பதைச் சொன்னாள். நடுவில் ஒரு இடம் கிடைத்ததும் நான் படத்தை விரித்தேன்.

"ஐயா, இந்த நீலம் இயற்கைக்கு மாறா இருக்குன்னு சொன்னீங்களாம். இது கொடிக்கு அடிக்கிற மருந்து. இலைமேல அப்படித்தான் படிஞ்சிருக்கும்."

அவர் ஒரு கண் பார்த்தார். "அதுக்கு மருந்தை எதுக்கு வரையணும் டீச்சரே? கழுவிட்டு வரையலாமே," என்றார். கேலியாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே எனக்கு ஒரு யோசனை சொல்வதாகத்தான் நினைத்தார். பிறகு அக்காவிடம் திரும்பி, அடுத்த தடவை வெட்டும்போது நாலு குச்சி கொடுத்தனுப்ப முடியுமா என்று கேட்டார். அவள் தருகிறேன் என்றாள். பாதிப் பழத்தை அந்த அலுவலகமே சாப்பிட்டது.

வெளியே வந்து பஸ் நிலையத்தில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தோம். நான் படத்தைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டேன். அவள்தான் பேசினாள்.

"பழத்தத் தின்னானுவ. படத்த ஒருத்தனும் பாக்கலியே."

"போகட்டும்கா."

"அத இங்க தாருங்க. நானே இன்னும் நேரா பாக்கல்ல."

மடியில் விரித்துப் பார்த்தாள். சேலையின் கறைமேல் படம் பட்டுவிடக் கூடாது என்று கடவத்து இலையை எடுத்து அடியில் வைத்துக்கொண்டாள். பஸ்கள் வந்துபோய்க்கொண்டிருந்தன. அவள் விரல் காகிதத்தைத் தொடாமல் அதன்மேல் நகர்ந்தது.

"இது கெழக்கு மூலக் கொடி. இந்தக் கொப்பு நான் கம்பெடுக்கப் போயி தட்டி ஒடிச்சதாக்கும். இதப்போயி வரஞ்சு வச்சிருக்கியளே!" என்றாள். பிறகு, "டீச்சரே, காயில்லாதப்பம் ஒண்ணு வரஞ்சு தாருங்க," என்றாள்.

"வெறுங் கொடியவா?"

"ஆமா. காய்ச்சுக் கெடந்தா யாவாரி வாறான், அணிலு வருது. இனி இந்த ஆபீசரும் வருவாரு. மத்த நாளெல்லாம் நான் ஒருத்திதான் அத மொகத்துக்கு மொகம் பாத்துக்கிட்டுக் கெடக்கேன். அது எப்பிடி இருக்குன்னு வேற யாருக்குத் தெரியும்?"

வீட்டுக்கு வந்து சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. வீட்டுக்காரருக்குப் பகலில் இழுப்பு வந்து, பக்கத்து வீட்டு அம்மா வந்து நெஞ்சு தடவிக் கொடுத்திருக்கிறார். தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கண்காட்சியும் படமும் எல்லாம் வெட்கமாகப் போய்விட்டன.

"ஜெயிச்சியா?" என்று கேட்டார்.

"இல்ல."

"பழம் மிச்சமிருக்கா?"

அடியில் நசுங்காமல் கிடந்ததைக் கழுவிக் கொடுத்தேன். ஒவ்வொன்றாகத் தோலை உரித்துச் சாப்பிட்டார். "புளிக்குது," என்றார். ஆனால் கிண்ணத்தைத் திருப்பித் தரவில்லை.

அதற்கு அடுத்த வருடம் மழை விடாமல் பெய்தது. வைகாசிக் கடைசியில் தொடங்கும் இடவப்பாதி மழையும் ஐப்பசியில் வரும் துலா மழையும் எங்களுக்கு வழக்கம்தான். அந்த வருடம் இரண்டுக்கும் நடுவே வெயிலே இல்லை. தோட்டத்தில் தண்ணீர் கட்டி நின்றது. இலைகளில் சாம்பல் தூவியதுபோல நோய் விழுந்தது. அக்கா மருந்து கலக்கி அடிப்பாள், மறுநாள் மழை கழுவிக்கொண்டு போகும். மறுபடி அடிப்பாள். பூ எல்லாம் கொட்டியது. எல்லாக் கொப்புகளையும் வெட்டிவிட்டுப் பார்ப்போம் என்று கடைசியில் கத்தியை எடுத்தாள். நான் அந்த விடுமுறையில் போனபோது பந்தலில் ஒரு இலை இல்லை.

அன்றைக்குத்தான் அவள் கேட்ட படத்தை வரைந்தேன். கறுத்த தண்டு, அதில் நார் நாராக உரிந்து தொங்கும் பட்டை, கம்பிமேல் கைகளை நீட்டிக் கிடந்த கொப்புகள். வெட்டிய நுனிகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மழை நீர் என்று நினைத்தேன். "இல்ல, கொடி நீராக்கும். உள்ள இருந்து வருது. வெட்டினா அப்பிடித்தான் வடியும்," என்றாள். அந்தப் படத்துக்குப் பழுப்பும் கறுப்பும் தவிர வேறு நிறம் தேவைப்படவில்லை. நான் யோசிக்கவும் இல்லை. தூக்கமில்லாத கண்ணோடு, காய்ந்த வாயோடு, எழுந்திருக்கக்கூடத் தெம்பில்லாமல் உட்கார்ந்து கண்ணில் பட்டதை அப்படியே வரைந்தேன். அக்கா பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்து கடைசி வரை பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று அவளுக்குச் செய்ய வேலை ஒன்றும் இல்லை. முடித்ததும் வாங்கி வைத்துக்கொண்டாள். நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நான் வரைந்தவற்றில் என்னுடையது என்று சொல்லக்கூடியது அதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

கொடி மறுபடி துளிர்த்தது. ஆனால் வேர் அழுகியிருந்தது. துளிர் ஒரு விரல் நீளத்துக்கு வந்து கருகிப்போயிற்று. இரண்டு கோடை பார்த்துவிட்டு அவள் எல்லாவற்றையும் பிடுங்கச் சொல்லிவிட்டாள். ஆட்கள் கடப்பாரை வைத்துக் கல்தூண்களை அசைத்தபோது அவள் அங்கே நிற்கவில்லை. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு இராஜாக்கமங்கலத்தில் தம்பி வீட்டோடு போய்ச் சேர்ந்தாள். அந்த அதிகாரிக்குச் சொன்ன வாக்குக்காக, நோய் விழாத நாலு குச்சியைத் தேடி எடுத்து, போகிற ஆள் ஒருவரிடம் முன்பே கொடுத்தனுப்பியிருந்தாள். அவை பிடித்தனவா என்று எங்களுக்குத் தகவல் இல்லை.

எங்கள் ஊர்கள் எல்லாம் மதராஸ் ராஜ்யத்தோடு சேர்ந்த வருடம், பள்ளிக்கூடத்துக்கு இரண்டு மூன்று நாள் விடுமுறை வந்தது. கடல் காற்று அவருடைய நெஞ்சுக்கு நல்லது என்று வைத்தியர் சொல்லிக்கொண்டே இருந்தார். அவரையும் கூட்டிக்கொண்டு இராஜாக்கமங்கலம் போனேன். அக்கா மெலிந்திருந்தாள். முற்றத்தில் தென்னை ஓலை முடைந்துகொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் ஓலையைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள்.

"இதாக்கும் பேப்பர் ஒட்டித் தாற ஆளு?" என்றாள் அவரைப் பார்த்து.

"ஆமா. நீங்கதான் புளிச்ச முந்திரிக்காரியா?" என்றார் அவர்.

"யாரு சொன்னா புளிச்சதுன்னு?"

"நான் தின்னு பாத்தவனாக்கும்."

"அது பஸ்ஸுல வெந்த பழம். பந்தலடியில நின்னு தின்னுருக்கணும். ஆபீசரே கொள்ளாம்னு சொல்லிட்டாரு, ஒமக்கு என்ன கேடு?"

"ஆபீசரு சும்மா கெடச்சா எல்லாத்தையும் கொள்ளாம்னுதான் சொல்லுவாரு."

அவள் சிரித்துவிட்டாள். அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. முன்பல் ஒன்று இல்லை என்பதே அன்றுதான் தெரிந்தது. உள்ளே போய் என் படத்தை எடுத்துவந்தாள். உப்புக்காற்று தின்றுவிடும் என்று சுவரில் மாட்டாமல், துணியில் சுற்றி, பரணில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். அவர் அந்தப் படத்தை முதல்தடவை பார்க்கிறார். கண்ணருகில் கொண்டுபோய்ப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார்.

"இது செத்துப்போன கொடியா, உயிரோட உள்ளதா?" என்று அவளிடம்தான் கேட்டார்.

"அன்னைக்கு உயிரோட இருந்துது," என்றாள்.

அதிலிருந்து அவர்கள் பேச்சு எங்கெங்கோ போனது. நெல் ஆலை, கம்பம், இளைப்புக்குக் கைமருந்து, மழை. இரண்டு பேரும் எதிரெதிரே கால் நீட்டி உட்கார்ந்து, ஒருவர் சொன்னதை ஒருவர் மறுத்துக்கொண்டே இருந்தார்கள். அவருக்குப் பேச்சு நடுவே மூச்சு முட்டினால் அவள் நிறுத்திக் காத்திருப்பாள். பிறகு விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடங்குவாள். எனக்கு யாரும் ஒரு வேலையும் சொல்லவில்லை. பையில் பென்சிலும் ஒரு துண்டுக் காகிதமும் இருந்தன. நான் அதுவரை மனிதர்களை வரைந்ததில்லை. பாடத்திலும் அது கிடையாது. சுவரில் சாய்ந்துகொண்டு அவருடைய தோளிலிருந்து ஆரம்பித்தேன். அவர் அசைந்துகொண்டே இருந்தார். அவளும்தான். அசையாமல் இருக்கச் சொல்லாமல் வரைந்துகொண்டு போனேன்.